அபயாம்பாளின் இடப்பக்கப் பட்டன்

இப்போதெல்லாம் யாரிடமும் ஒரு வேலையைச் சொல்ல முடிவதில்லை. குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் வாஷர் எடுத்துக்கொண்டு வருகிறவன் கிடையாது. ஒழுகுவதைப் பற்றி அவனுக்கு ஒரு கருத்து இருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவனுக்கு அதற்கு எதிராக ஒரு கருத்து இருக்கிறது. இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று எழுந்து போகிறார்கள். குழாய் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. சிக்கந்தராபாத் பக்கம் திருமுல்கேரியில் ராணுவ வண்டிப் பட்டறையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தேன். கட்டி இழுத்துக்கொண்டு வந்த லாரி தானாக ஓடிக்கொண்டு வெளியே போகும். அதற்காக அங்கே யாரும் கைதட்டியதில்லை.

இரண்டாயிரத்தொன்பது பொங்கல் கழிந்த வாரம் என் மனைவி அபயாம்பாளுக்குப் பக்கவாதம் வந்தது. வாய் பிழைத்துக்கொண்டது, அதில் இன்றுவரை எந்தக் குறையும் இல்லை. கால் மூன்று மாதத்தில் திரும்பியது. இடது கை மட்டும் யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தது.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஜுலைகா என்ற பெண் வாரம் மூன்று நாள் ஸ்கூட்டியில் வருவாள். பழைய பல்லாவரத்துக்காரியோ என்று நினைக்கும்படி தமிழ் பேசுவாள். அத்தனையும் எங்கள் காலனியில் நோயாளிகளிடம் கற்றது. அவள்தான் ஒருநாள் அலமாரியைத் துழாவி, என் பேரன் சின்ன வயதில் விளையாடிய வீடியோ கேமை வெளியே எடுத்தாள். கையடக்கமான கறுப்புப் பெட்டி. மேலேயிருந்து செங்கல் விழும். இடது கட்டை விரலால் செங்கல்லை நகர்த்த வேண்டும், வலது கட்டை விரலால் திருப்ப வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்து மார்க் ஏறும். அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

"அங்கிள், இனிமே பந்து அமுக்கறது, தீப்பெட்டி அடுக்கறது எல்லாம் நக்கோ, வேணாம். ஆன்ட்டிக்கு இது போதும்" என்றாள்.

முதல் வாரம் அபயாம்பாள் இருநூறு மார்க் எடுத்தாள். ஆடி பிறந்தபோது பதினெட்டாயிரத்து அறுநூறு. இட்லிக்கு அரிசி களைகிற அளவுக்கு அந்தக் கை வந்துவிட்டது. எடுத்த மார்க்கில் பெரியது எதுவோ அது திரையின் ஓரத்தில் நிற்கும். பாட்டரியைக் கழற்றினால் அழிந்துபோகும். அதனால் பாட்டரி மூடிமேல் "தொடாதே" என்று எழுதி என்னை ஒட்டச் சொன்னாள். ஒட்டினேன்.

ஆடிப் பதினெட்டு அன்று இடப்பக்கப் பட்டன் வேலை செய்யாமல் போனது. செங்கல்லெல்லாம் வலது பக்கம் போய்க் குவிந்தது. பாட்டரியைத் தொடாமல் முதுகுத் திருகைக் கழற்றிப் பார்த்தேன். பட்டனுக்கு அடியில் மிளகு அளவுக்கு ஒரு கரி ரப்பர், அது தேய்ந்துவிட்டது. சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளை வெட்டி ஒட்டினேன். எட்டு நாள் ஓடி நின்றது. சிக்கந்தராபாத்துக்குப் போய்ப் புது மெஷினே ஒன்று வாங்கி வந்தேன். பேரன் எட்டு வருஷம் அமுக்கி அமுக்கிப் பழையதன் பட்டன் வெண்ணெய் மாதிரி இருந்தது. புதியது கல் மாதிரி இருந்தது, அதன் ரப்பரும் பழையதில் பொருந்தாத அளவு.

"இதென்னங்க, காலிங் பெல்லா? தெருவையே கூப்பிடற மாதிரி அமுக்க வேண்டியிருக்கு" என்று ஓரம் வைத்துவிட்டாள்.

ஆக, எனக்கு வேண்டியது மிளகு அளவுக்கு ஒரு ரப்பர். இதை யாரும் மறக்கக் கூடாது. நான் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் மேல் போர்ஷனில் தினேஷ் என்று திருப்பூர்ப் பையன் குடியிருந்தான். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. சனிக்கிழமை தவறாமல் கீழே வந்து அபயாம்பாளின் மிளகு ரசம் வாங்கிப் போவான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

"பட்டனெல்லாம் ஒரு மேட்டரா அங்கிள்? எங்க கம்யூனிட்டி இருக்கே! கையில வச்சு விளையாடற கம்ப்யூட்டரே நாங்க சொந்தமாப் பண்றோம். சர்க்யூட்டும் நாங்களே, உள்ள ஓடற சாஃப்ட்வேரும் நாங்களே."

"எத்தனை பேருப்பா?"

"மெயில்ல நானூறு பேர். நேர்ல முப்பது."

"எத்தனை மெஷின் பண்ணியிருக்கீங்க?"

"இப்ப டிஸ்கஷன் நடக்குதுங்க."

அந்த இடத்திலேயே நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை அமீர்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கோச்சிங் சென்டரின் மூன்றாவது மாடிக்கு என்னைக் கூட்டிப் போனான். முப்பது பேர். பாதித் தமிழர்கள், பாதித் தெலுங்கர்கள். பேச்சில் பாதி இங்கிலீஷ். எனக்கு விளங்கினதைத் தமிழில் எழுதுகிறேன்.

கிருஷ்ணபிரசாத் என்பவர் முன்னால் நின்றார். நாற்பது வயது, தாடி, பெரிய கம்பெனி வேலை, காலில் ரப்பர் செருப்பு.

"இங்க தலைவர், செயலாளர்னு யாருமே கிடையாது. எல்லாரும் சமம். இதை நான் முதல் மீட்டிங்லயே முடிவு பண்ணிட்டேன்" என்றார். கைதட்டினார்கள்.

பிறகு விவாதம். மெஷினுக்கு எந்தச் சிப் போடுவது, அதற்குள் எந்தச் சிஸ்டத்தை ஓட்டுவது. இதைப் பதினாலு மாதமாகப் பேசுகிறார்களாம். கிருஷ்ணபிரசாத் கட்சி, சிப்பை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றது. அஸ்வினி என்ற பெண்ணின் கட்சி, சிஸ்டம்தான் முதலில் என்றது.

"மெஷினே இல்லாம உங்க சிஸ்டத்தை எதுல ஓட்டுவீங்க, ஆகாசத்துலயா?"

"என்ன ஓட்டப்போறோம்னே தெரியாம மெஷின் எதுக்கு சார்? பேப்பர் வெயிட்டா வைக்கவா?"

இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அதனால்தான் பதினாலு மாதம் ஓடியிருக்கிறது என்று தோன்றியது. டீ வந்த சமயம் பார்த்து எழுந்தேன்.

"தம்பிகளா, எனக்கு ஒரு ரப்பர் வேணும்."

மெஷினைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கிருஷ்ணபிரசாத் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவரைத்தான் நாம இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருந்தோம். இவர்தான் எண்ட் யூசர்!"

முப்பது பேரும் கைதட்டினார்கள். அப்படியென்றால் என்ன என்று தினேஷைக் கேட்டேன். "பண்ற பொருளைக் கடைசியா உபயோகிக்கப் போறவர் அங்கிள். எங்ககிட்ட இதுவரைக்கும் ஒருத்தர்கூட இல்லை" என்றான்.

மெஷினை வாங்கிக்கொண்டு, போட்டோ எடுக்க வேண்டும் என்று பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார்கள். அரை மணி கழித்து வெளியே வந்தபோது அது ஒரு வெள்ளிக் கலர் பைக்குள் இருந்தது. பையின் மேல் நம்பர் போட்டிருந்தது. திருப்பிக் கேட்டேன். அளவெடுக்க வேண்டும், அடுத்த ஞாயிறு தருகிறோம் என்றார்கள். நான் கொடுத்துவிட்டு வந்தேன். முப்பத்தாறு வருஷம் ரசீது இல்லாமல் ஒரு ஸ்பானரைக்கூடக் கையை விட்டுக் கொடுக்காதவன், முப்பது பேர் கைதட்டியதில் ஏமாந்தேன்.

அடுத்த ஞாயிறு போய்க் கேட்டேன். அஸ்வினி பொறுமையாக விளக்கினாள்.

"அங்கிள், கம்யூனிட்டிக்குள்ள ஒரு தடவை வந்தது எல்லாருக்கும் சொந்தம். யார் வேணும்னாலும் காப்பி எடுத்துக்கலாம். ஒரிஜினல் மட்டும் ரெஃபரன்ஸா இங்கயே இருக்கணும். அதுதான் ரூல். பகிர்ந்துகிட்டா எதுவும் குறையாது அங்கிள்."

"குறைஞ்சிருக்கேம்மா. என் வீட்டுல இருந்தது இப்ப இங்க இருக்கு."

"அது பழைய யோசனை அங்கிள்."

கையில் ஒரு சீடியைக் கொடுத்தாள். என் மெஷினின் ஒவ்வொரு அங்கமும் முடி கனம் பிசகாமல் அதில் வரைந்திருக்கிறதாம். முழு மெஷினும் அதில் இருக்கிறதாம். எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், ஊருக்கெல்லாம் கொடுக்கலாம், ஒருவரும் கேட்கமாட்டார்களாம்.

வீட்டில் அபயாம்பாள் சீடியை வலது கையால் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எங்கங்க அமுக்கறது?"

சீடியை நூலில் கட்டிப் பால்கனியில் தொங்கவிடச் சொன்னாள். அன்றிலிருந்து புறா வருவது நின்றது. அந்தக் கம்யூனிட்டியால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த நன்மை அது ஒன்று. எழுதாமல் விடுவது நியாயமில்லை.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் போனேன். மெஷினை வாங்கப் போனேன். அவர்கள் வருகைப் பதிவில் என்னை எண்ட் யூசர் என்று எழுதிக்கொண்டார்கள். என் ரப்பருக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள், இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்கு முன்னால் இருநூற்றுப் பதினோரு கோரிக்கைகள் இருந்தன. முதல் கோரிக்கை, மெஷினுக்குப் பெயர் வைப்பது. அதுவே முடியவில்லை.

ஒரு வாரம் பட்டனைப் பற்றி மட்டும் பேசினார்கள். நான்கு திசைக்கு நான்கு பட்டனா, சிலுவை மாதிரி ஒரே பட்டனா, பட்டனே இல்லாமல் திரையைத் தொட்டால் போதுமா. ஓட்டெடுப்பு வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஓட்டெடுப்பு வைக்கலாமா என்பதற்கு ஓட்டெடுப்பு நடந்தது. பதினைந்துக்குப் பதினைந்து. முப்பத்தொன்றாவது ஆளாக நான் ஒருவன் இருந்தேன். எண்ட் யூசருக்கு ஓட்டு இருக்கிறதா என்று விதியைப் புரட்டினார்கள். அந்த விதி இன்னும் எழுதப்படவில்லை.

இன்னொரு ஞாயிறு, ஜெயச்சந்திரன் என்ற கண்ணாடிக்காரர் எழுந்தார். எல்லாவற்றுக்கும் கொள்கை பேசுகிறவர்.

"பெரியவரோட மெஷினுக்குள்ள என்ன ப்ரோகிராம் ஓடுதுன்னு யாருக்குமே தெரியாது. கம்பெனிக்காரன் மூடி வச்சிருக்கான். அதுல மாமி விரல் அசையலாம். ஆனா அது சுதந்திரமான அசைவு இல்லை."

"சார், அசைஞ்சாப் போதும்" என்றேன்.

"இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நாம அடிமையா இருக்கோம்" என்றார். இதற்கும் கைதட்டினார்கள்.

தினேஷ் ஒரு சனிக்கிழமை ரசத்துக்கு வந்தபோது பாத்திரத்தோடு ஒரு தாளும் கொண்டுவந்தான். எண்ட் யூசர் குடும்பத்துக்குக் கேள்விகள், நாற்பத்திரண்டு. அபயாம்பாளிடம் முதல் கேள்வியை வாசித்தான்.

"ஆன்ட்டி, திரையைத் தொட்டு விளையாடறது, பட்டன் அமுக்கறது, ரெண்டுல எதை நீங்க ப்ரிஃபர் பண்றீங்க?"

"என் மெஷினை."

"அது ஆப்ஷன்ல இல்லீங்க ஆன்ட்டி."

"அப்ப ரசமும் ஆப்ஷன்ல இல்லை. போ."

அன்று அவன் வெறும் பாத்திரத்தோடு மாடி ஏறினான். நாலு நாள் கழித்து அவளே கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

மார்கழி வந்தது. கை சும்மா கிடக்கக் கூடாது என்று நான் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய்ப் பச்சைப் பட்டாணி ஒரு மூட்டை தூக்கி வந்தேன். உரிப்பதற்கு இரண்டு கட்டை விரலும் வேண்டுமே என்று என் கணக்கு. இரண்டு நாள் உரித்தாள். மூன்றாம் நாள் முறத்தைத் தள்ளிவிட்டாள்.

"பட்டாணி உரிச்சா மார்க் வருமா?"

"விரல் வரும்டி."

"உங்களுக்கு விரல். எனக்கு அந்தப் பதினெட்டாயிரத்து அறுநூறை இருபதாயிரம் ஆக்கணும். பட்டாணியை உரிச்சு உரிச்சு நான் எந்த வரிசையை நிரப்பப் போறேன்?"

அந்த மூட்டையைக் காலனி முழுவதும் கொடுத்தோம். தை முடிவதற்குள் அவள் இடது கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்க ஆரம்பித்தது. அரிசி களைவது நின்றது. ஜுலைகா விரலை நீட்டிப் பார்த்துவிட்டு வாசல் வரைக்கும் என்னோடு வந்தாள்.

"ஏன் அங்கிள், அந்த கேமை நிறுத்தினீங்க? நல்லா வந்துட்டிருந்தாங்க. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே விட்டா விரல் அப்படியே நின்னுடும். அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

நான் அன்றே திருமுல்கேரி நாற்சந்தியில் டிவி ரிமோட் ரிப்பேர் செய்கிறவனிடம் போனேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு செத்த ரிமோட்டைப் பிரித்து, கரி ரப்பரில் நாலைந்தைக் கிள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். அவனுக்கு அதைப் பற்றிக் கருத்து எதுவும் இல்லை. பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் என் சின்னத் திருப்புளி எப்போதும் இருக்கும். ரப்பர் வந்துவிட்டது. போடுவதற்கு மெஷின் இல்லை.

மாசி மாதத்தில் பெரிய கூட்டம். பட்டான்செருவில் ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் சொல்லி, அவர்கள் செய்யப்போகிற மெஷினின் மேல்கூடு வந்திருந்தது. மேஜைமேல் வெல்வெட் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். கிருஷ்ணபிரசாத் துணியை எடுத்தார். நான் வாங்கிப் பார்த்தேன். ஃபிட்டர் கை பொய் சொல்லாது: நல்ல வேலை. விளிம்பெல்லாம் வழவழவென்று, மூட்டு தெரியாமல் பொருந்தியிருந்தது. ஆனால் அதில் திரைக்கு இடம் இல்லை. பட்டனுக்குத் துளை இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் மொழுக்கென்று இருந்தது.

"துளை எங்கப்பா?"

"துளை போட்டா ஒரு தரப்பு ஜெயிச்ச மாதிரி ஆகிடும் அங்கிள். இது எல்லாக் கருத்துக்கும் இடம் கொடுக்கற பெட்டி" என்றார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்தார். "உலகத்துல எந்தக் கம்பெனிக்காவது இந்தத் தைரியம் இருக்கா? அவங்க என்ன பண்றாங்க? ஒரு பொருளைப் பண்ணி வித்துடறாங்க. வித்ததும் விவாதம் முடிஞ்சுபோகுது. நாம விவாதத்தை முடிக்கலை. முடிக்கவும் மாட்டோம்!"

கைதட்டல் அடங்குவதற்குள் அஸ்வினி எழுந்தாள். பெட்டியின் நிறம் தன் கட்சியைக் கேட்காமல் முடிவு செய்யப்பட்டது என்றாள். சிப், சிஸ்டம், பட்டன் எதிலும் பிரியாதவர்கள் சாம்பல் நிறத்தில் பிரிந்தார்கள்.

"நாங்க ஃபோர்க் பண்றோம்" என்றாள்.

அறையில் எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். தினேஷ் என் காதில் சொன்னான்: ஒத்துப்போகாதவர்கள் இருப்பதை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்த் தங்கள் வழியில் செய்வதற்கு அதுதான் பெயராம். யாரும் தடுக்கக் கூடாதாம். கம்யூனிட்டியில் அதைவிடப் பெரிய உரிமை கிடையாதாம்.

பாகப் பிரிவினை ஆரம்பமானது. பிரிக்க அவர்களிடம் என்ன இருக்கிறது? நானூறு மெயில் விலாசம், வெள்ளைப் பலகை ஒன்று, துளையில்லாத பெட்டி ஒன்று, என் மனைவியின் மெஷின் ஒன்று. மெயிலையும் பலகையையும் பெட்டியையும் பத்து நிமிஷத்தில் பேசி முடித்தார்கள். மெஷினுக்குத்தான் இழுபறி. கடைசியில் ஜெயச்சந்திரன் வழி சொன்னார்: கூடு கிருஷ்ணபிரசாத் கட்சிக்கு, உள்ளே இருக்கிற சர்க்யூட் பலகை அஸ்வினி கட்சிக்கு.

வெள்ளிப் பையிலிருந்து எடுத்து, கூட்டை ஒரு மேஜையிலும் பலகையை ஒரு மேஜையிலும் வைத்தார்கள். நடுவில் இரண்டடி இடைவெளி. அந்த இரண்டடியில் நான் நின்றேன். அவள் கட்டை விரல் மடங்கிக் கிடப்பது எனக்கு நினைவு வந்தது. இடது கையால் கூட்டை எடுத்தேன். வலது கையால் பலகையை எடுத்தேன். மூன்று திருகும் தட்டில் கிடந்தன. அவற்றையும் அள்ளிச் சட்டைப் பையில் போட்டேன்.

"அங்கிள், என்ன பண்றீங்க?" என்று கேட்டாள் அஸ்வினி.

"நான் போறேம்மா. இதை எடுத்துக்கிட்டுத் தனியாப் போறேன்."

கிருஷ்ணபிரசாத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஃபோர்க்! எண்ட் யூசரே ஃபோர்க் பண்றார்!"

இரண்டு கட்சியும் எழுந்து நின்று கைதட்டியது. ஏழு மாதத்தில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த காரியம் அதுதான்.

"அப்ப இதை எடுத்துக்கிட்டுப் போகலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா. திருப்பிக் கொடுங்கன்னு கேட்டா கொடுக்க முடியாது, அது ரூல். ஃபோர்க் பண்றேன்னா தடுக்க முடியாது, அதுவும் ரூல்."

"ஏழு மாசமா இதை யாரும் எனக்குச் சொல்லலையேப்பா?"

"நீங்க கேட்ட கேள்வி வேறயாச்சே அங்கிள்" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேலியாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். என் ப்ராஜெக்டுக்குப் பெயர் என்ன, எந்தச் சிஸ்டம், கொள்கை அறிக்கை எப்போது வரும் என்று மூன்று பேர் நோட்டோடு சூழ்ந்துகொண்டார்கள். நான் படி இறங்கினேன்.

கீழே பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து திருப்புளியை எடுத்தேன். தேய்ந்த ரப்பரைக் கிள்ளிவிட்டு ரிமோட் ரப்பரை வைத்து, பலகையைக் கூட்டில் உட்காரவைத்து, மூன்று திருகையும் முடுக்கினேன். ஆறு நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குள் தினேஷ் மூச்சு வாங்க இறங்கி வந்தான். முதுகைத் திருப்பியபோதுதான் பார்த்தேன். பாட்டரி இருக்கிற இடம் காலி. "தொடாதே" ஸ்டிக்கரும் இல்லை.

"அது... முதல் நாளே போட்டோ எடுக்கறப்பக் கழட்டினது அங்கிள். ஸ்டிக்கர் ஃபைல்ல பத்திரமா இருக்கு. யூசர் குறிப்பு நம்பர் ஒண்ணுன்னு ஒட்டி வச்சிருக்காங்க."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு யாரும் படிக்கலையா?"

"கழட்டினவன் இங்கயே பிறந்து வளர்ந்தவன் அங்கிள். தமிழ் பேசுவான், படிக்க வராது."

எதிர்க் கடையில் பாட்டரி வாங்கிப் போட்டேன். மெஷின் கீச்சென்று தன் பாட்டைப் பாடியது. செங்கல் விழுந்தது. இடப்பக்கப் பட்டனைத் தொட்டேன். வெண்ணெய் மாதிரி அமுங்கியது, செங்கல் இடது பக்கம் நகர்ந்தது. திரையின் ஓரத்தில் பதினெட்டாயிரத்து அறுநூறு இருந்த இடத்தில் ஒரு பூஜ்யம் நின்றது.

தினேஷ் எட்டிப் பார்த்தான். அவனுக்கு மார்க்கில் கவனம் போகவில்லை. முகமெல்லாம் மலர்ச்சி.

"அங்கிள், ரெண்டு வருஷத்துல எங்க கம்யூனிட்டியிலேருந்து வெளிய வந்த முதல் வேலை செய்யற மெஷின் இது! பாத்தீங்களா, இழுத்தடிச்சாலும் இந்த விவாதம், ப்ராசஸ் எல்லாம் வீண் போகலை. அடுத்த வாரம் நீங்க மேடையில பேசணும்."

"பேசறது இருக்கட்டும். ஆன்ட்டியோட மார்க் அழிஞ்சுபோச்சு. வீட்டுக்கு வந்து அவகிட்ட நீயே சொல்லு."

அவன் முகத்தில் இருந்த மலர்ச்சி இறங்கியது. மேலே மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அதை... கம்யூனிட்டியில கேட்டுட்டுச் சொல்றேன் அங்கிள்" என்றான்.

மெஷினைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். பஸ் வரவில்லை, வந்தாலும் அந்த ஸ்டாப்பில் ஏறியிருக்க மாட்டேன். அடுத்த ஸ்டாப் வரைக்கும் அந்த ஜன்னலிலிருந்து கைதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. எதற்குத் தட்டுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.